அளந்து கட்டுவோம்



"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆற்றோடு போகிற பொருளுக்கே அளவு வேண்டுமென்றால், பல வருடங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு வீட்டில் செய்கிற வேலைக்கு அளவு வேண்டாமா? சமையற்கட்டையோ குளியலறையையோ திருத்திக் கட்ட நினைக்கும் குடும்பங்கள், ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன் அறையை எப்படி அளந்து எழுதிக்கொள்ள வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அளவு புதியதல்ல. பால்மரம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் சுற்றளவுக்குப் பருத்த பிறகுதான் புதுக்காட்டை வெட்டுக்கு விடுவார்கள். வெட்டுக் கோட்டின் சரிவையும் மரத்தில் குறித்துக் கொடுப்பார்கள். வாளியில் சுமந்து வந்த பாலை நிறுத்து, மெட்ரோலக்கை மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு என்று பார்த்துக் கணக்கு எழுதுவார்கள். காலையிலிருந்து மதியம்வரை நம் வாழ்க்கை அளவுக்குள்தான் இருந்தது. ஆனால் தராசும் நாடாவும் பிறர் கையில் இருந்தன. நாம் வரிசையில் நின்று, சொன்ன கணக்கைக் கேட்டுக்கொண்டோம். லயத்து வீட்டின் குசினியும் யாரோ ஒருவர் முடிவு செய்த அளவுதான்.

தெப்ராவின் கதையை நினைத்துப் பாருங்கள். 1844-ஆம் ஆண்டில் டான் கீ சூன் என்ற சீனத் தலைவர் தெப்ராவ் ஆற்றங்கரையில் மிளகும் காம்பியர் செடியும் பயிரிடும் குடியிருப்பை அமைத்தார். அக்காலத்தில் ஆற்றைச் சொல்லியே நிலத்தை உரிமையாகக் கொடுத்தார்கள். பிறகு ரப்பர் வந்தது, செம்பனை வந்தது. இப்போது அந்த மண்ணில் தாமான்கள் எழுந்துவிட்டன. மவுண்ட் ஆஸ்டின் என்றால் தோட்டம் என்றிருந்த காலம் போய், இன்று அந்தப் பெயர் கடைவீதிகளையும் வீட்டு வரிசைகளையும் குறிக்கிறது. ஆற்றைக் கொண்டு எல்லை சொன்ன இடத்தில் இன்று அரை இஞ்சிக்கும் விலை உண்டு. லயத்தை விட்டு இத்தகைய வீடுகளுக்கு வந்த குடும்பங்கள், முதன்முதலாகத் தங்கள் வீட்டைத் தாங்களே திருத்திக் கட்டுகின்றன. இனி அளவுநாடா நம் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பாத்திரம் கழுவும் தொட்டியோடு சேர்த்து ஒரு நீள அலமாரி செய்யக் கொடுத்தோம். இரு சுவர்களுக்கும் நடுவே, தரையில் நாடாவை வைத்து அளந்தோம். சரியாக 8 அடி இருந்தது. அதையே கடையில் சொன்னோம். அலமாரியும் சரியாக 8 அடியில் வந்து சேர்ந்தது. கீழே நுழைந்தது, இடுப்பு உயரத்துக்கு மேலே நுழையவில்லை. சுவர் மேலே போகப்போக உள்பக்கம் சாய்ந்திருந்தது. அந்த உயரத்தில் இடைவெளி 7 அடி 11 ¼ இஞ்சிதான். முக்கால் இஞ்சிக்காக அலமாரியைப் பிரித்து, அறுத்து, மீண்டும் பூட்ட வேண்டியதாயிற்று. அறுத்த ஓரத்தில் தண்ணீர் இறங்கி ஒரே வருடத்தில் பலகை ஊதிப்போனது. கடைக்காரர் நாங்கள் கொடுத்த அளவுக்குத்தான் செய்தார். தவறு எங்களுடையது. அறை என்பது தீப்பெட்டியைப் போல நேராக இருக்கும் என்று நம்பிவிட்டோம்.

நேயர்களே, எந்த அறையும் அப்படி நேராக இருப்பதில்லை. பூச்சு ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் இருக்கும். மூலைகள் விரிந்தோ குறுகியோ இருக்கும். ஆகவே ஓர் அறைக்கு ஒரே அளவு கிடையாது. இடத்துக்கு இடம் அளவு மாறும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதற்குத் தேவையான சாமான்கள் குறைவு. 5 மீட்டர் இரும்பு நாடா ஒன்று, பென்சில், பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்திலிருந்து சில தாள்கள், ஒரு தூக்குக்குண்டு. தூக்குக்குண்டு இல்லையென்றால், மெல்லிய கயிற்றில் ஒரு கனமான இரும்பு நட்டைக் கட்டிக்கொள்ளலாம். தையற்காரர் வைத்திருக்கும் துணிநாடா இதற்கு உதவாது, இழுத்தால் நீளும். ஆள் இருவர் வேண்டும். பள்ளியில் படிக்கும் மகனையோ மகளையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அளந்து சொல்ல, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும்.

நாடாவைப் பற்றி இரண்டு செய்திகள். அதன் நுனியிலுள்ள கொக்கி சற்றே ஆடும். பழுது என்று நினைத்து அதைத் தட்டி இறுக்கிவிடாதீர்கள். கொக்கித் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு தூரம் அது நகர வேண்டும். பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது வெளியே வரும். சுவரில் முட்டி அளக்கும்போது உள்ளே போகும். இரண்டு விதத்திலும் அளவு சரியாக வருவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அடுத்தது, மூலையில் நாடாவை வளைத்து "ஏறக்குறைய இவ்வளவு" என்று படிக்கக் கூடாது. ஒரு சுவரிலிருந்து சரியாக 100 சென்டிமீட்டரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். எதிர்ச்சுவரிலிருந்து அந்தக் கோடுவரை அளந்து, 100-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். வளைவுக்கு வேலையே இல்லை.

எந்தக் கணக்கில் எழுதுவது? 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தோடு மலேசியா மீட்டர் முறைக்கு மாறத் தொடங்கியது. ஆனாலும் ஆசாரிகள் இன்னமும் அடி, இஞ்சி என்றே பேசுகிறார்கள். கல் விற்கும் கடையில் சென்டிமீட்டர் என்கிறார்கள். இடையில் அகப்பட்டுக்கொள்வது நாம்தான். தரையில் பதிக்கும் "ஒரு அடிக் கல்" உண்மையில் 30 சென்டிமீட்டர். ஓர் அடி என்பதோ 30.48 சென்டிமீட்டர். 10 அடிச் சுவருக்கு 10 கல் போதும் என்று வாங்கினால், கடைசியில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வெறும் தரையாக நிற்கும். எனவே தாள் முழுவதும் சென்டிமீட்டரிலேயே எழுதுங்கள். யாராவது இஞ்சியில் கேட்டால் ஓர் இஞ்சிக்கு 2.54 சென்டிமீட்டர் என்று மாற்றிச் சொல்லலாம்.

அளப்பது முழுவதும் ஒரே நாடாவால் நடக்கட்டும். ஏறத்தாழ கி.பி. 1001-இல், முதலாம் இராசராசன் ஆட்சியில், சோழநாட்டு நிலங்கள் கோல் கொண்டு அளக்கப்பட்டன. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் அளவுகோலின் நீளத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்திருப்பதை இன்றும் காணலாம். கோல் மாறினால் அளவு மாறும், அளவு மாறினால் வழக்கு வரும் என்பதை அன்றே அறிந்திருந்தார்கள். நம் வீட்டுக்கும் அந்த நியாயம் பொருந்தும். ஆசாரி வந்து அளக்கும்போது அவருடைய நாடாவையும் நம்முடையதையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அளக்கத் தொடங்குவோம். தாளில் அறையை மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு கட்டமாக வரையுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. கதவு, சன்னல், குழாய் எங்கே என்று தெரிந்தால் போதும். கதவருகே தொடங்கிக் கோயிலை வலம் வருவதுபோல ஒவ்வொரு சுவராகச் சுற்றி வாருங்கள். அப்படிச் செய்தால் எந்தச் சுவரும் விட்டுப்போகாது.

ஒவ்வொரு சுவரின் நீளத்தையும் மூன்று உயரங்களில் அளக்க வேண்டும்: தரையோரம், இடுப்பு உயரம், தலைக்கு மேல். மூன்றையும் எழுதுங்கள். அலமாரி, மேடை, தொட்டி போன்று அறைக்குள் நுழைய வேண்டிய பொருளுக்கு மூன்றில் மிகச் சிறிய அளவையே கொடுக்க வேண்டும். குறைந்த இடைவெளியைப் பட்டி வைத்து மறைக்கலாம். கூடிய பலகையை அறுக்கத்தான் வேண்டும். சுவர் சாய்ந்திருக்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு காட்டிவிடும். சுவரிலிருந்து சற்றுத் தள்ளி அதைத் தொங்கவிட்டு, மேலே எவ்வளவு தூரம், கீழே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கூரையின் உயரத்தை நான்கு மூலைகளிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மூலை மட்டம். 3, 4, 5 என்ற கணக்கு பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு பக்கம் 150 சென்டிமீட்டர், மறுபக்கம் 200 சென்டிமீட்டர் உள்ள குளியலறையில், மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் 250 வர வேண்டும். இரண்டு குறுக்களவும் 250 என்றால் அறை நேராக இருக்கிறது. ஒன்று 252, மற்றது 248 என்றால் அறை கோணலாக இருக்கிறது. அப்படியிருந்தால் வேலையை நிறுத்த வேண்டாம். கல் பதிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், சரிந்து வெட்டிய துண்டுக் கல் கண்ணில் படாத ஓரத்துக்குப் போகும்படி பார்த்துக்கொள்வார்.

கதவு, சன்னல்களுக்கு அகலம், உயரம், மூலையிலிருந்து தூரம், தரையிலிருந்து சன்னலின் அடிவரை உயரம் ஆகிய நான்கும் வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை ஒரு வளைகோட்டால் காட்டுங்கள். ஒரு சுவர் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். மூலையிலிருந்து சன்னல்வரை 60, சன்னல் 90, அதற்கப்பால் 92 என்றால் மொத்தம் 242 வர வேண்டும். சுவரின் முழு அளவு 252 என்று எழுதியிருந்தால் எங்கோ 10 சென்டிமீட்டர் தவறிவிட்டது. அங்கேயே மறுபடி அளந்துவிடலாம்.

சமையற்கட்டில் சுவரோடு வேலை முடியாது. தண்ணீர்க் குழாய், கழிவுநீர் போகும் துளை, மின்சுவிட்சு ஆகிய ஒவ்வொன்றும் மூலையிலிருந்து எவ்வளவு, தரையிலிருந்து எவ்வளவு என்று எழுதுங்கள். சன்னல் உள்பக்கம் திறப்பதானால், புதிய குழாயின் கழுத்து அதைத் தடுக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டிக்கு அதன் அகலம் மட்டும் போதாது. பின்னாலும் பக்கத்திலும் காற்றுக்கு இடம் விட வேண்டும், கதவு முழுக்கத் திறக்கவும் வேண்டும். 14 கிலோ எரிவாயுத் தோம்பு எங்கே நிற்கும், அதை மாற்றும்போது எப்படி வெளியே எடுப்பது என்பதையும் படத்தில் காட்டுங்கள். அம்மியை விட்டுவிட மனமில்லாத வீடுகளில் அதற்கும் ஓர் இடம் தரையிலேயே ஒதுக்கிவிடுங்கள். மெல்லிய பலகை அதன் கனத்தைத் தாங்காது.

ஒரு முக்கியமான அளவு சுவரில் இல்லை, சமைப்பவரிடம் இருக்கிறது. அம்மாவை நேராக நிற்கச் சொல்லி, கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கைவரை அளந்து பாருங்கள். அதிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் குறைத்தால் மேடையின் உயரம் கிடைக்கும். முழங்கை உயரம் 95 என்றால் மேடை 80-க்கும் 85-க்கும் இடையில் இருந்தால் போதும். கடையில் ஆயத்தமாக இருக்கிறது என்பதற்காக 90 சென்டிமீட்டர் மேடையை வாங்கிப் போட்டால், அவர் பல வருடங்கள் தோளைத் தூக்கிக்கொண்டே கறி நறுக்க வேண்டியிருக்கும். மேடையின் ஆழம் பொதுவாக 60 சென்டிமீட்டர். அதன் முன்னால் நின்று குனிந்து எடுக்க 90 சென்டிமீட்டராவது நடைவழி வேண்டும். ஆகவே மேடை வைக்கும் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு 150 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

இனி குளியலறை. அதிகப் பணம் வீணாவது இங்கேதான். முழங்கால் வலிக்கிற தாய்க்காகவோ தகப்பனுக்காகவோ, குந்தி உட்காரும் கழிப்பறையை எடுத்துவிட்டு நாற்காலிபோல் உட்காரும் இருக்கை வைக்கப் பல குடும்பங்கள் விரும்புகின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால் இரண்டுக்கும் வேண்டிய இடம் ஒன்றல்ல. 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களின்படி, குந்தும் கழிப்பறைக்குக் குறைந்தது 1.25 மீட்டருக்கு 0.75 மீட்டர் இடம் போதும். உட்காரும் இருக்கைக்கு 1.5 மீட்டருக்கு 0.75 மீட்டர் வேண்டும். குளியலும் கழிப்பறையும் ஒரே அறையில் என்றால் 2 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. பழைய அறை 1.25 மீட்டர் நீளம்தான் என்றால், இருக்கையை வைத்த பிறகு அந்தத் தாய் எழுந்து நிற்கும்போது முழங்கால் கதவில் இடிக்கும். யாருக்காகச் செலவு செய்தோமோ அவருக்கே அது உதவாமல் போகும். இந்த 25 சென்டிமீட்டரை வாங்குவதற்கு முன் கண்டுபிடித்தால், கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றலாமா, பக்கத்துக் குளியலறையோடு சேர்க்கலாமா என்று யோசிக்க நேரம் இருக்கும்.

இருக்கை வாங்கப் போகும்போது இன்னொரு அளவும் கையில் இருக்க வேண்டும். பின்சுவரிலிருந்து கழிவுத் துளையின் நடுப்புள்ளிவரை எவ்வளவு தூரம்? கடையில் இதைக் கேட்டுத்தான் பொருத்தமானதைக் கொடுப்பார்கள். துளையின் நடுவிலிருந்து பக்கச் சுவர்வரை 38 சென்டிமீட்டராவது இருந்தால் கைகால் இடிக்காமல் உட்காரலாம். இந்த அளவுகளைப் புதிய கல் பதித்த பிறகு இருக்கப்போகும் சுவரிலிருந்து கணக்கிட வேண்டும். கல்லும் அதன் அடியில் சாந்தும் சேர்ந்து ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கனம் வரும். இரு பக்கச் சுவரிலும் கல் பதித்தால் அறையின் அகலம் 4 சென்டிமீட்டர் குறைந்துவிடும்.

தரைக்கும் இதே கணக்குத்தான். பழைய கல்லைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதியதைப் பதிக்கலாம் என்பார்கள், செலவும் குறையும். ஆனால் தரை ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உயரும். குளியலறைத் தரை வெளித்தரையைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். 2 சென்டிமீட்டர்தான் என்றால், வேலை முடிந்ததும் இரண்டும் சமமாகி, குளிக்கிற தண்ணீர் வீட்டுக்குள் நடந்து வரும். உள்பக்கம் திறக்கும் கதவும் தரையில் உரசி நின்றுவிடும். தண்ணீர் வடியும் துளையை நோக்கித் தரை ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் சரிய வேண்டும். இதைப் பார்க்க ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இரண்டு இடங்களில் பிடியுங்கள். இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரைவரை இரு இடத்திலும் அளந்தால் சரிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அளவு கையில் இருந்தால் கல் எத்தனை வேண்டும் என்பதை நாமே கணக்கிடலாம். நாம் சொன்ன 150-க்கு 200 குளியலறையையே எடுத்துக்கொள்வோம். பரப்பு 3 சதுர மீட்டர். 30-க்கு 30 கல் ஒன்று 0.09 சதுர மீட்டர். வகுத்தால் 34 கல் என்று வரும். ஆனால் வரிசையாக எண்ணிப் பாருங்கள்: ஒரு பக்கம் 5 கல், மறுபக்கம் 6 முழுக் கல்லும் ஒரு துண்டும், ஆக 7. ஐயேழு 35. உடைவதற்கும் வெட்டுவதற்கும் பத்துக்கு ஒன்று வீதம் சேர்த்தால் 39. சுவருக்கு நான்கு பக்க நீளத்தைக் கூட்டினால் 7 மீட்டர்; 1.5 மீட்டர் உயரம்வரை பதித்தால் 10.5 சதுர மீட்டர். 75 சென்டிமீட்டர் அகலக் கதவுக்காக 1.125-ஐக் கழித்தால் 9.375. 20-க்கு 30 கல் ஒன்று 0.06 சதுர மீட்டர். எனவே 157 கல், பத்துக்கு ஒன்று சேர்த்தால் 173. பெட்டிகளின் மேலுள்ள தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எண் மாறினால் நிறம் சற்று மாறும். மீந்த கல்லில் நான்கைந்தைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் ஒன்று உடைந்தால் அதே கல் கடையில் கிடைக்காது.

எல்லாம் எழுதி முடிந்ததா? ஒரு நாள் விட்டு, முதலில் எழுதியவர் அளக்கவும் அளந்தவர் எழுதவுமாக மாற்றி, இன்னொரு முறை பாருங்கள். பழைய தாளைப் பார்க்காமல் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் நல்ல படியாக ஒன்று எழுதி, தேதியிட்டு, பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒவ்வொரு சுவரையும் படம் பிடித்து வையுங்கள். சுவருக்குள் குழாயைப் பதிக்கும் நாளில், பூசி மூடுவதற்கு முன், நாடாவை அருகில் வைத்து இன்னொரு படம் எடுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது அது உதவும்.

வேலைக்கு வரும் இரண்டு மூன்று பேரிடமும் அதே தாளின் பிரதியைக் கொடுத்து விலை கேளுங்கள். அளவு ஒன்றாக இருந்தால்தான் விலையை ஒப்பிட முடியும். ஒருவர் 3 சதுர மீட்டருக்கும் இன்னொருவர் 4 சதுர மீட்டருக்கும் கணக்குப் போட்டிருந்தால், யார் மலிவு என்று எப்படிச் சொல்வது? வேலை எடுப்பவர் தாமும் வந்து அளந்து, அந்தத் தாளிலேயே கையெழுத்திட்ட பிறகு முன்பணம் கொடுங்கள். நல்ல தொழிலாளி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் அதுதான் பாதுகாப்பு. சுவரை இடிப்பதானாலும் பின்பக்கம் நீட்டிக் கட்டுவதானாலும் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். அங்கே போகும்போதும் இந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

நேயர்களே, இதற்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். பெரிய படிப்பு வேண்டாம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். அன்று நம் பாலை நிறுத்த தராசின் முள்ளை எட்டி நின்று பார்த்தோம். இன்று நம் வீட்டின் அளவை நம் பிள்ளைகளே எழுதி, "இவ்வளவுதான் இடம், இதற்கேற்பச் செய்யுங்கள்" என்று சொல்லலாம். அந்தத் தாளை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.